ஐந்தாவது ஆள்

2025 ஜூலை 8, செவ்வாய்

அடையாறில் என் கணவர் ரங்கனுக்கு டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, நந்தனம் சிக்னலில், டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. மணி 12.40. வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ரங்கன் கண்ணை மூடியபடியே, "ஏன் நின்னுட்ட?" என்றார். சிக்னல் என்றேன். அது பொய்யில்லை.

அவரை வீட்டில் விட்டுவிட்டு தி.நகரில் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் பெயர் அனிருத். பொறுமையான ஆள். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், பதினாறு துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் செருகினால் வண்டியின் கம்ப்யூட்டர் தன் கோளாறைத் தானே சொல்லிவிடுமாம். செருகினார். ஸ்கேனரின் திரை இருட்டாகவே இருந்தது. பக்கத்து வண்டியில் செருகியபோது எரிந்தது. மறுபடி என் வண்டியில் செருகினார், இல்லை. ஃபியூஸை மாற்றிப் பார்த்தார், அப்போதும் இல்லை.

"போர்ட்டுக்குப் பவரே வரல மேடம்" என்றவர், மீட்டரைக் குனிந்து பார்த்தார். "2015 மாடல். நாப்பத்திமூணாயிரம்தான் ஓடியிருக்கா? செகண்ட்ஸா வாங்கினீங்களா?"

ஆமாம் என்றேன்.

"சில பேர் மீட்டரைத் திருப்பிட்டு இந்தப் போர்ட்டைக் கட் பண்ணி விட்டுடுவாங்க. மீட்டரை மாத்தினாலும் உள்ள கம்ப்யூட்டர்ல நிஜக் கணக்கு இருக்கும் இல்லையா? அதைப் படிக்க முடியாமப் பண்ணிட்டா முடிஞ்சது. உங்க வண்டில அப்படின்னு நான் சொல்லல. ஒரு வாய்ப்பு."

வயரிங்கைப் பிரித்துப் பார்க்க மூன்று நாள் வண்டியை விட வேண்டும். வெள்ளிக்கிழமை மறுபடி டயாலிசிஸ். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

இந்த வண்டியைப் பார்த்து, "தைரியமா வாங்குங்க மேடம்" என்று சொன்னவர் உமர் ஃபாரூக் பாய்.

ஜூலை 11, வெள்ளி

மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம். நான்கு மணி நேரம் இருக்கிறது. தெரிந்ததை மட்டும் எழுதிப் பார்க்கிறேன்.

பாய்க்கு அறுபத்தொரு வயது. மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஷெட். எங்கள் பத்திரிகையின் வண்டிகள் இருபத்திரண்டு வருடம் அங்கேதான் போயின. இப்போது மகன் ஃபராஸ் ரிப்பேர் வேலையைப் பார்த்துக்கொள்கிறான். பாயின் வேலை வேறு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அவர் பானெட்டைத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்பார். எழுத்தில் எதுவும் கிடையாது. அவர் சொன்னால் சொன்னதுதான்.

போன அக்டோபரில் எனக்காக இந்த வண்டியைப் பார்த்துச் சொன்னதும் அவரே. மயிலாப்பூர் சித்திரகுளத்தருகே இருக்கும் சூடாமணி மாமியின் வண்டி. கோவிலுக்கும் கச்சேரிக்கும் மட்டும் எடுத்ததாகச் சொன்னார்கள். மீட்டரில் 38,400.

காலையில் ரங்கனிடம் சொன்னேன். "ஒரு போன் போட்டுப் பாயைக் கேட்டா முடிஞ்சது" என்றார்.

"இது போன்ல கேக்கற விஷயமில்ல."

"அப்ப எப்ப கேப்ப? குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணினப்புறமா?"

அவருக்கு எங்கள் தொழில் புரியாது. நான் சேர்ந்த முதல் வருடம் தலைமை நிருபர் சொல்லிக்கொடுத்தது: யார் மேல் புகாரோ அவரிடம் கடைசியாகப் போ. கையில் எல்லாம் சேர்ந்த பிறகு போ. முதலிலேயே போனால் மற்ற கதவுகளை அவர் மூடிவிடுவார். முப்பத்துநான்கு வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு முறைகூட மறுப்புக் கடிதம் போட வேண்டி வந்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையில் ஒரு வயரிங் கடை. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு வயரில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மற்ற வயர்களில் தூசி. டேப்பில் அவ்வளவு இல்லை.

"யாரோ கை வெச்சிருக்காங்கம்மா. கம்பெனி வேலை இல்ல இது."

படம் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேர், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், ஒரே திசையைக் காட்டுகிறார்கள்.

ஜூலை 16, புதன்

அசோக் நகர் போகும் வழியில் சேட்டு வைத்திருக்கும் பழைய கார் யார்டுக்குப் போனேன். பாய் வாரத்தில் இரண்டு நாள் அங்கே வண்டி பார்க்கிறார். அவர் பார்த்த வண்டி என்றால் சேட்டு கண்ணாடியில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவான். வாங்க வருகிறவர்கள் அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் தேடுவார்கள்.

நான் கேட்டது இவ்வளவுதான்: "பாய் பார்த்துக் கொடுத்த வண்டிகள்ல மீட்டர் பத்தி எப்பவாவது புகார் வந்திருக்கா?"

"இல்லியே. இன்னா மேடம், பேப்பர்ல வருதா?"

"இல்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"ரிப்போர்ட்டர் சும்மா கேட்டு நான் பாத்ததே இல்லியே!" என்று சிரித்தான். பக்கத்தில் புரோக்கர்கள் இரண்டு மூன்று பேர், ஒரு குடும்பம், டீ கொண்டுவந்தவர். அவர்களும் சிரித்தார்கள்.

கேள்வியில் யாரையும் குறை சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நடுநிலையான கேள்விதான்.

ஜூலை 19, சனி

காலை 10.15-க்கு பாய் போன் செய்தார். ஐந்தாறு மாதமாகப் பேசியிருக்கவில்லை.

"மேடம், சார் எப்படி இருக்காரு? வண்டி எப்படிப் போவுது?"

"நல்லா போகுது பாய்."

"ஒண்ணும் தொந்தரவு இல்லியே?"

"இல்ல பாய்."

பின்னால் யாரோ சுத்தியலால் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "சரி மேடம். எதுனா இருந்தா எனக்குச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

செய்தி முழுமையாகும் முன் சம்பந்தப்பட்டவரை உஷார்ப்படுத்தக் கூடாது. அதனால்தான் சொல்லவில்லை.

ரங்கன் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 22, செவ்வாய்

டயாலிசிஸ் நடுவில் ரங்கனுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. ஒரு மணி நேரம் படுக்க வைத்து அனுப்பினார்கள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. வண்டி இரண்டு முறை ஸ்டார்ட் ஆகத் தயங்கியது. அனிருத் சர்வீஸ் பதிவுகளைத் தேடிச் சொன்னார்: கடைசிப் பதிவு 2021 பிப்ரவரி, 29,640 கி.மீ. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இது பாய்க்கு ஆதரவும் இல்லை, எதிரும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

சூடாமணி மாமி வீட்டில் காபி கொடுத்தார். விற்கும்போது மீட்டரில் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன்.

"அதெல்லாம் யார் பார்த்தா? வண்டி பாதி நாள் ஆத்துலயேதான் நின்னுண்டிருந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி டிசம்பர் புயல்ல வாசல்படி வரைக்கும் ஜலம். ஒரு ராத்திரி பூரா நின்னுது. அப்புறம் வெயில்ல காய வெச்சோம், சரியாப் போச்சு." திடீரென்று என் நோட்டைப் பார்த்தார். "ஏன் கேக்கறேள்? அந்த பாய் ஏதாவது பண்ணிட்டாரா?"

"அப்படிச் சொல்லல மாமி."

"எங்க தங்கை மாப்பிள்ளை ஒரு வண்டி பாத்துண்டிருக்கார். அவரைத்தான் கூப்பிடறதா இருந்தோம். நல்லவேளை நீங்க வந்தேள்."

நான் எதுவும் சொல்லவில்லை என்று மறுபடியும் சொன்னேன். தலையை ஆட்டினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, புரிகிறது என்பதுபோல ஆட்டினார். என்ன புரிந்ததோ.

ஜூலை 28, திங்கள்

பாயிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தட்டச்சு செய்து வைத்தேன். அரைப் பக்கம். இன்னும் ஒரு உறுதியான தகவல் கிடைத்தால் போய்விடலாம்.

ரங்கன் வாங்கிப் படித்தார். "நல்லா எழுதியிருக்க" என்றார். "ஒரு மந்திரிகிட்ட கேக்கற மாதிரி இருக்கு."

ஜூலை 30, புதன்

ராயப்பேட்டையில் ஒரு வேலை. திரும்பும்போது பாயின் ஷெட் வழியாக வந்தேன். வழக்கமாக நாலு வண்டி சாலை வரை நிற்கும். ஒரு வண்டிதான் நின்றது. பாய் நாற்காலியில் உட்கார்ந்து உருது நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் கடந்துவிட்டேன்.

ஏன் நிறுத்தவில்லை?

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

டயாலிசிஸ் முடிந்ததும் ரங்கன் கடற்காற்று வேண்டும் என்றார். பட்டினப்பாக்கம் வழியாக லூப் ரோட்டில் போனோம். நொச்சிக்குப்பம் மீன் கடைகள் வந்ததும், "சாப்பிடத்தான் கூடாது, பாக்கவாவது செய்யறேன்" என்று கண்ணாடியை இறக்கினார். வேகம் குறைத்தேன். வண்டி ஒரு உதறு உதறிவிட்டு நின்றது. எல்லா விளக்கும் எரிந்து அணைந்தது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மணி 1.10. வெயில். ரங்கனின் முகம் வெளுத்துப்போய்விட்டது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன்.

ஒரு மீன்காரப் பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். பெயர் ஜெசிந்தா என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா, மக்கர் பண்ணுதா? சாருக்கு முடியலியா? டேய், அந்த ஸ்டூல இங்க போடு. சார், நீ வா நைனா, குடைக்குக் கீழ குந்து. ஹாரன் அடிக்கிறான் பாரு, இவனுங்க ஊடு பத்திக்கின மாதிரி!"

நாலு பேர் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். "எங்க ஊட்டுக்காரரு போட் இன்ஜின் வயரிங் பாக்குறவரு" என்று ஜெசிந்தா போனில் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் ஏசுராஜ் வந்தார். கையில் ஒரு டெஸ்ட் லாம்ப்: ஸ்க்ரூ டிரைவர் மாதிரிக் கூர்முனை, உள்ளே சின்ன பல்பு, வால் மாதிரி ஒரு வயர், அதன் நுனியில் கிளிப்.

போர்ட் வேலை செய்யாததையும் சொன்னேன்.

"ஃபியூஸ் பாத்தாங்களா?"

"மாத்திப் பாத்தாங்க."

"அத்த எல்லாரும் பாப்பாங்கோ. எர்த்து பாத்தாங்களா?"

தெரியாது என்றேன்.

கிளிப்பைக் கதவுக் கீலின் இரும்பில் மாட்டி, கூர்முனையைப் போர்ட்டின் கீழ்வரிசைக் கடைசித் துளையில் வைத்தார். பல்பு எரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பவர் வருகிறது. மூன்று வாரமாக இல்லை, இல்லை என்று நான் எழுதிக்கொண்டிருந்த பவர்.

பிறகு கிளிப்பை எடுத்து, போர்ட்டிலேயே மேல்வரிசையில் ஒரு துளையோடு ஒரு கம்பி வைத்துச் சேர்த்தார். மறுபடி அதே கடைசித் துளை. எரியவில்லை.

"பாத்தியா? வர்ற வழி கீது. திரும்பிப் போற வழி இல்ல. ரெண்டும் இருந்தாத்தானே எரியும்? அவுங்க ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு வுட்டுட்டாங்க."

இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஓர பிளாஸ்டிக்கைப் பிடுங்கினார். வண்டியின் இரும்பில் ஒரு போல்ட். அதில் நான்கு கறுப்பு வயர்கள். போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

"கடல்ல ஃபியூஸ் போறது கம்மி மா. எர்த்துதான் மொதல்ல போவும். உன் இன்ஜினு, போர்ட்டு, எல்லாம் இந்த ஒரே எடத்துல எர்த்து ஆவுது. ஆனா கடலுக்குப் போகாத வண்டிக்கு இப்புடி ஆவாதே. தண்ணில நின்னுச்சா?"

வாசல்படி வரைக்கும் ஜலம். ஒரு ராத்திரி பூரா நின்னுது. என் கையெழுத்தில், என் நோட்டில், எட்டு நாளாக இருக்கிறது. நான் கிலோமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, போல்ட்டை முறுக்கினார். வண்டி ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. போர்ட்டில் தீப்பெட்டி அளவு ஒரு கருவியைச் செருகித் தன் போனில் பார்த்தார். "வோல்டேஜ் கம்மின்னு ஒரே ஒரு கம்ப்ளைண்டு எழுதி வெச்சிக்கீது, பாவம். யாரும் வந்து கேக்கல." மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டார்.

அந்தக் கறுப்பு டேப்பைக் காட்டினேன். ஏசுராஜ் விரலால் அந்த வயர் போகும் வழியைத் தொட்டுக்கொண்டே போனார்.

"இது பாட்டுப் பொட்டி வயரு. போர்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பொட்டியக் கழட்டுனவன், முனை எங்கியும் தொட்டுத் தீப்பிடிக்கக் கூடாதுன்னு தனித்தனியா சுத்தி வுட்டுக்கீறான். எவனும் இவ்ளோ மெனக்கெட மாட்டான். நல்ல கைக்காரன்."

பின்சீட்டில் ரங்கன் தூங்கிவிட்டார். வாங்கும்போது அந்தப் பாட்டுப் பெட்டி கிர்ரென்று இரைந்தது. அதைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னது நான்தான். பாய்தான் கழற்றினார். எந்த வயர் என்று மாம்பலத்துக் கடையில் நான் கேட்கவே இல்லை. கேக்கல. ஏன் கேக்கல?

ஆகஸ்ட் 4, திங்கள்

அனிருத் ஸ்கேனரைச் செருகினார். எரிந்தது. என்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள ஓட்டம் 43,506. மீட்டரில் 43,506. தாளில் அச்சிட்டுத் தந்தார்.

"சாரி மேடம். நான் ஒரு வாய்ப்புன்னுதான் சொன்னேன்."

உண்மை. அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியைச் செய்தது நான்.

ஆகஸ்ட் 6, புதன்

ஷெட்டில் பாய் மட்டும் இருந்தார். "உக்காருங்க மேடம்" என்று தன் நாற்காலியைத் தந்துவிட்டு, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். நான் தாளை நீட்டினேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். எதையும் விடவில்லை.

முடித்ததும் பாய் தாளை மடித்துத் திருப்பித் தந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம். நீங்க சேட்டுகிட்ட கேட்டுட்டு யார்டை விட்டு வெளிய வரதுக்குள்ள எனக்கு மூணு போன்."

"அப்ப நீங்க சனிக்கிழமை—"

"அதான் போன் பண்ணேன். நீங்களே கேப்பீங்கன்னு பாத்தேன். நல்லா போவுதுன்னீங்க."

தகரக் கூரையில் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது.

"நாலு பேர்கிட்ட கேட்டீங்க. நான் அஞ்சாவது ஆள். இருபத்திரண்டு வருஷம் மேடம். பேப்பர்ல உங்க பேர் வந்தா ஃபராஸோட அம்மா எனக்குப் படிச்சுக் காட்டுவா. எனக்குத் தமிழ் படிக்க வராது. இவங்க எழுதினா சரியா இருக்கும்னு நானே பத்து பேர்கிட்ட சொல்லியிருக்கேன்."

எங்கள் தொழிலில் அப்படித்தான் முறை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முதல் முறையாக அந்த முறையை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

சேட்டு பச்சை ஸ்டிக்கரை நிறுத்திவிட்டானாம். மாமியின் தங்கை வீட்டார் வரவில்லை. முன்பே பேசிவைத்திருந்த வேறு இரண்டு பேர், பரவாயில்லை பாய், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்றார்.

பிறகு அவராகவே சொன்னார்: "ஒரு தப்பு என் மேல கீது. அந்தக் கார்ப்பெட்ல ஒரு வாசம் வந்துச்சு. மாமிகிட்ட கேட்டேன், ஏசி தண்ணின்னாங்க. நம்பிட்டேன். தூக்கிப் பாத்திருக்கணும். வெள்ளத்துல நின்ன வண்டின்னு தெரிஞ்சா உங்களை வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். சாரை வெச்சுக்கினு நடுரோட்டுல நின்னீங்க இல்ல? அதுக்கு என்னை மன்னிக்கணும்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர். என்னிடம்.

நான் கேட்டேனா? கேட்டேன். ஆனால் அவருக்குப் பிறகுதான் கேட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரங்கனிடம் சொன்னேன். "தப்பா எழுதினா என்ன செய்வீங்க, உங்க ஆபீஸ்ல?" என்றார்.

வருந்துகிறோம் என்று உள்பக்கத்தில் நாலு வரி போடுவோம்.

"முதல் பக்கத்துல வந்ததுக்கும் உள்பக்கம்தானா?"

ஆகஸ்ட் 9, சனி

மாம்பலம் வயரிங் கடைக்கும் சூடாமணி மாமி வீட்டுக்கும் தாளை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு என்னை நினைவே இல்லை. மாமி பதறிவிட்டார். "அடப் பாவமே, ஜலம் வந்ததை அவர்கிட்ட சொல்லியிருக்கணும். ஏசின்னு சொல்லிட்டேனே. தங்கையாத்துல வேற ஆளை வெச்சு வாங்கியும் ஆயாச்சு."

மதியம் சேட்டு. தனியாக இருந்தான். தாளைப் படித்துவிட்டு, "சரி மேடம், பாய் நல்லவர்தான்னு எனக்குத் தெரியாதா?" என்றான்.

"பின்ன ஏன் நிறுத்தினீங்க?"

"நீங்க கேட்டப்போ இங்க பத்து பேர் இருந்தாங்க. இப்போ சொல்றப்போ நான் ஒருத்தன். நான் நம்பி இன்னா ஆவப்போவுது?"

ஆகஸ்ட் 16, சனி

நேற்று விடுமுறை, நாளை ஞாயிறு. இன்று மாலை யார்டு நிரம்பியிருக்கும் என்று கணக்கிட்டுப் போனேன். பதினைந்து, இருபது பேர் இருந்தார்கள். இத்தனை வருடம் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எழுதியவள். நடுவில் நின்று பேசியதில்லை.

சொன்னது இது: போன மாதம் பதினாறாம் தேதி இதே இடத்தில் உமர் ஃபாரூக் பாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்விக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவரையே முதலில் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வண்டியின் மீட்டர் சரியாக இருக்கிறது, இதோ தாள். தவறு என்னுடையது.

ஒரு புரோக்கர் தாளை வாங்கிப் பார்த்தார். இன்னொருவர், "யாரு இந்தம்மா?" என்றார். வண்டி பார்க்க வந்தவர்கள் வண்டிகளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்று சிரித்த புரோக்கர்களில் ஒருவர் மட்டும் வாசல் வரை வந்து, "இத்த யாரும் வந்து சொல்ல மாட்டாங்க மேடம்" என்றார்.

ஆகஸ்ட் 27, புதன்

சேட்டு போன் செய்தான். யார்டுக்கு ஸ்கேனரோடு வேறொரு ஆளை மாதச் சம்பளத்துக்கு வைத்தாயிற்று. இப்போது நிறுத்த முடியாது. வாரத்தில் ஒரு நாள் பாயைக் கூப்பிடப் பார்க்கிறேன் என்றான். பார்க்கிறேன் என்பதை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

டயாலிசிஸ். ரங்கன் நன்றாக இருக்கிறார். வண்டியும்.

செப்டம்பர் 18, வியாழன்

ஆயில் மாற்ற வேண்டிய நேரம். எங்கே போவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ரங்கன்தான், "எப்பவும் எங்க போவியோ அங்க போ. வேணாம்னா அவர் சொல்லட்டும்" என்றார்.

பாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷெட்டில் மூன்று வண்டிகள் நின்றன. ஃபராஸ் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு மற்றொரு வண்டிக்கு அடியில் போய்விட்டான். பாய் தன் கையாலேயே ஆயிலை மாற்றினார். கார்ப்பெட்டைத் தூக்கி, எர்த் போல்ட்டைப் பார்த்தார். ஏசுராஜின் வேலையைப் பாராட்டினார். "உப்புத்தாள் போட்டு சுத்தமாத் தேச்சிருக்கான்."

முடிந்தது என்று நினைத்துக் கிளம்பினேன். "ஒரு நிமிஷம் மேடம்" என்று உள்ளே போய், வோல்ட் மீட்டர் ஒன்றும் நீள நோட்டு ஒன்றும் கொண்டுவந்தார். புது நோட்டு. மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் என் கையில் கொடுத்தார். போர்ட்டின் எந்தத் துளையில் எதை வைக்க வேண்டும் என்று காட்டினார். காட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"நீங்களே வெச்சுப் பாருங்க. என்ன நம்பர் வருதோ நீங்களே எழுதுங்க. கிலோமீட்டரும் எழுதுங்க. கீழ கையெழுத்துப் போடுங்க. நானும் போடுறேன்."

"எதுக்கு பாய் இதெல்லாம்? எனக்கு வேணாம்."

"உங்களுக்கு மட்டும் இல்ல மேடம். இப்ப எல்லா வண்டிக்கும் இப்படித்தான்."

நோட்டைப் புரட்டினேன். ஆறு பக்கம் நிரம்பியிருந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. வண்டி எண், தேதி, அளவு, பார்த்தவர் பெயர். ஒவ்வொன்றின் கீழும் உருதுவில் அவருடைய கையெழுத்து.

குனிந்து, முனைகளை வைத்தேன். முனை வழுக்கியதில் முதல் தடவை எண் நிற்கவில்லை. அவர் உதவிக்கு வரவில்லை. காத்திருந்தார். இரண்டாவது தடவை நின்றது.

12.6 என்று எழுதினேன். 44,320 என்று எழுதினேன். பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, மை காயும்வரை திறந்தே பிடித்திருந்தார்.